பழைய தாபனம் புதுமை பெறுமா? நொவெலின் வரலாறு

2001ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பத்திரிகைகளில் சற்று நகைச்சுவையோடு வெளிவந்த செய்தியொன்று உண்டு. வட கரோலைனாப் பல்கலைக்கழகத்திலே சேவையகக் கணினியொன்று இருக்குமிடந் தெரியாமற் போய்விட்டதாம். கணினி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மாணவரும் ஆசிரியரும் அதிலுள்ள கோப்புகளை நாள்தோறும் எடுத்துப் பயன்படுத்தினர். ஆனால் அந்தப் பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்பதைச் சொல்வார் இல்லை. ஈற்றில் கம்பியைப் பற்றிக்கொண்டே தேடிச் சென்றபோது, கட்டட வேலைக்காரர் அறியாது எழுப்பிவிட்ட சுவரொன்றின் பின்னே அது அகப்பட்டது. நான்கு ஆண்டுகளாக எவரும் தொடாமலே அது தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

இச்செய்தியிற் சிறிது உப்பும் புளியும் சேர்ந்திருக்கலாம். ஆயினும் அக்கணினியை இயக்கிய மென்பொருளைக் கையாண்டு பழகியோருக்கு அது பெரும் வியப்பாக இருந்திராது. அம்மென்பொருளின் பெயர் நெட்வெயர். அதனை ஆக்கிய தாபனம் நொவெல். இத்தகைய நம்பிக்கைக்குரிய பொருளை ஆக்கியவர்களின் தாபனம், அச்செய்தி வெளிவந்து பத்தாண்டு செல்வதற்குள் விலைபோயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது? முதுமையடைந்த ஒரு தாபனம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு போட்டியில் நிலைத்து நிற்க முடியுமா என்னும் வினாவுக்கு, நொவெலின் முப்பதாண்டு வரலாற்றைப்போலத் தெளிவான சான்று தருவன மிகச் சிலவே.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே யூட்டா மாநிலத்தில், மலைத்தொடரொன்றின் அடிவாரத்தே, ஓரெம், புரோவோ என்னும் இரு நகரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1980ஆம் ஆண்டையொட்டி அங்கே தோன்றிய நொவெல், தொடக்கத்தில் வலையமைப்பு மென்பொருள் செய்யும் எண்ணங் கொண்டதன்று. கணினிகளையும் அச்சுப்பொறிகளையும் செய்து விற்க முயன்றது. அம்முயற்சி நன்றாகக் கைகூடவில்லை. 1981இல், பிரிகம் யங் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய இளைஞர் சிலரை ஒப்பந்த வேலைக்கு அமர்த்தியது. ட்ரூ மேஜர், டேல் நைபர், கைல் பவெல் என்போர் அவர்கள். சூப்பர்செட் என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்ட இச்சிறு குழுவினரிடமிருந்தே நொவெலின் வாழ்வு தொடங்குகிறது.

அக்காலத்தில் வன்தட்டு மிகுந்த விலையுள்ள பொருள். ஆதலால் ஒரு தட்டைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கிலிருந்த முறையிலே ஒவ்வொரு கணினியும் அத்தட்டைத் தனக்கே உரியதெனக் கருதி நேரே எழுதும். இரு எழுதுவினைஞர் ஒரே பேரேட்டிலே ஒருவரை ஒருவர் பாராமல் ஒரே வேளையில் எழுதினால் என்ன குழப்பம் நேருமோ, அதுவே அங்கும் நேர்ந்தது. சூப்பர்செட் குழுவினர் இதனை மாற்றினர். தட்டை எவரும் நேரே தொடலாகாது; வேண்டிய கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டால், நடுவே உள்ள கணினி அதனை எடுத்துத் தரும்; ஒருவர் எழுதும்போது மற்றவரைப் பொறுக்கச் செய்யும். பேரேட்டுக்கு ஒரு காப்பாளரை நியமித்தாற்போல ஆயிற்று. இன்று எளிய கருத்தாகத் தோன்றும் இதுவே நெட்வெயரின் உயிர். தம் வலையமைப்பைச் சோதிப்பதற்காக அவ்விளைஞர் ஸ்னைப்ஸ் என்னும் சுடும் விளையாட்டொன்றையும் எழுதினர். பல கணினிகளில் இருப்போர் ஒருங்கே சேர்ந்தாடிய முதல் விளையாட்டுகளில் அது ஒன்று.

1983இல் ரே நூர்டா தலைமையேற்றார். அறுபதை அணுகிக்கொண்டிருந்த அவர் ஜெனரல் எலக்ட்ரிக் தாபனத்தில் நெடுங்காலம் உழைத்தவர், சிக்கனத்துக்குப் பேர்போனவர். நொவெல் செய்துவந்த இயந்திரங்களையே கட்டிக்கொண்டு அழாமல், எவருடைய கணினியிலும் நெட்வெயர் ஓடட்டும் என்றார். கணினிகளைக் கம்பியோடு இணைக்கும் அட்டைகளைக் குறைந்த விலைக்கு விற்றார். அட்டையிற் கிடைக்கும் இலாபம் சிறிது. ஆனால் வலையமைப்புகள் பெருகினால் மென்பொருள் தானாக விற்கும் என்பது அவர் கணக்கு. பகைவரோடும் கூடித் தொழில் செய்யலாம் என்பதைக் குறிக்க, போட்டியையும் கூட்டுறவையும் பிணைத்த ஒரு சொல்லையும் அவர் பரப்பினார். நெட்வெயரை நிறுவவும் பேணவும் தெரிந்தவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்கும் முறையையும் தாபனம் ஏற்படுத்தியது. பெரிய பட்டம் எதுவுமில்லாத பலர் இச்சான்றிதழினால் நல்ல உத்தியோகம் பெற்றனர். அவர்கள் சென்ற அலுவலகந்தோறும் நெட்வெயரும் சென்றது. 1990களின் தொடக்கத்தில், தனியாள் கணினிகளை இணைத்த வலையமைப்புகளுள் பாதிக்கு மேற்பட்டவை நொவெலின் கையில் இருந்தன.

இங்கே நெட்வெயரின் உள்ளமைப்பைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வேர் அதிலேதான் உள்ளது. நெட்வெயர் கோப்புகளைத் தருவதற்கும் அச்சிடுவதற்குமே ஆக்கப்பட்ட இயங்குதளம். வேகங் கருதி, அதனுள் ஓடும் நிரல்களுக்கிடையே காப்புச் சுவர் எதுவும் வைக்கப்படவில்லை. எல்லா நிரல்களும் ஒரே கூடத்தில் இருந்து வேலை செய்தன. ஒன்று தவறினால் கணினி முழுவதுமே நின்றுவிடக் கூடும். நொவெல் தானே எழுதிய நிரல்கள் செம்மையானவை. ஆதலால் இக்குறை நெடுங்காலம் வெளிப்படவில்லை. ஆனால் பிறர் தம் நிரல்களை அதனுள் எழுத முயன்றபோது இடர்ப்பட்டனர். வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல், பொருட் களஞ்சியம் முதலியவற்றுக்கான நிரல்களை நெட்வெயருக்கென எழுதியோர் மிகச் சிலரே. அந்த வீட்டிலே பொருள் வைத்தோர் பலர், குடிபுகுந்தோர் சிலர்.

1993ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டிலே நொவெல் நெட்வெயர் 4ஐ வெளியிட்டது. அதிலே அடைவுச் சேவை என்னும் புதுமை இருந்தது. அதற்குமுன் ஒவ்வொரு சேவையகமும் தன் பயனரின் பெயர்ப்பட்டியலைத் தானே வைத்திருந்தது. பத்துச் சேவையகங்கள் இருந்தால் ஓர் ஊழியரின் பெயரைப் பத்திடத்திற் பதியவேண்டும். புதிய முறையிலே தாபனம் முழுவதற்கும் ஒரே பட்டியல், மரத்தின் கிளைகள்போற் பிரிந்து அமைந்தது. தொழில்நுட்ப நோக்கிலே இது பெருஞ்சாதனை. அதே ஆண்டிலே மைக்ரோசொப்ட் தாபனம் விண்டோஸ் என்டி என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. கோப்புகளைத் தருவதில் அது நெட்வெயருக்கு நிகராகவில்லை. அடைவுச் சேவையும் அதில் இல்லை. ஆனால் பிறருடைய நிரல்கள் குடியிருப்பதற்கு ஏற்ற அறைகளும் சுவர்களும் அதில் இருந்தன.

நெட்வெயர் 4 வெளிவந்தவுடன் வாடிக்கையாளர் அதனை வாரி எடுத்துக்கொண்டனரா? இல்லை. முந்திய மூன்றாம் பதிப்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புதியதோ கற்பதற்குக் கடினமாயிருந்தது. நொவெலும் அதே ஆண்டிற் பழைய வரிசையில் 3.12 என்னும் பதிப்பை வெளியிட்டது. பழையதை விரும்பியோரை அது மகிழ்வித்தது; புதியதற்கு மாறவேண்டிய அவசரத்தையும் போக்கிவிட்டது. ஒரு பொருள் பழுதின்றி உழைப்பதே அதனை விற்றவருக்கு இடையூறாக முடியும் என்பதை வியாபாரிகள் அறிவர். சுவருக்குப் பின்னால் நான்கு ஆண்டு ஓடிய கணினியின் உரிமையாளர், அந்நான்கு ஆண்டுகளில் அதற்கெனப் புதிதாக எதை வாங்கியிருப்பார்?

நூர்டாவோ வேறொரு வழியை நாடினார். மைக்ரோசொப்டோடு தாபனங்களை இணைப்பதுபற்றி நடந்த பேச்சுகள் முறிந்தபின், அத்தாபனத்தை அதன் ஒவ்வொரு களத்திலும் எதிர்க்கத் துணிந்தார். 1991இல் டிஜிட்டல் ரிசேர்ச் தாபனத்தையும், 1993இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் உரிமையை வைத்திருந்த தாபனத்தையும், 1994இல் அயல்நகரான ஓரெமில் இருந்த வேர்ட்பெர்பெக்ட் தாபனத்தையும் வாங்கினார். இக்கொள்வனவுகளைச் சாடாத வரலாற்றாசிரியர் அரியர். யானும் சாடுவேன், ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அன்று. பிறருடைய நிரல்கள் குடியிருக்கத்தக்க இயங்குதளம் வேண்டும் என்று யுனிக்ஸை வாங்கியது சரியான எண்ணமே. வாங்கியபின் அதனை நெட்வெயரோடு ஒட்டவைக்கப் பொறுமை இல்லாமற் போனதே தவறு. நூர்டா 1994இல் விலகியபின் தலைமையேற்ற ரொபேர்ட் பிராங்கன்பேர்க், வாங்கியவற்றை விற்கலானார். யுனிக்ஸ் வியாபாரம் 1995இல் சாந்தா குரூஸ் ஒப்பரேஷன் தாபனத்துக்குப் போயிற்று. வேர்ட்பெர்பெக்ட் 1996இல், வாங்கிய விலையின் ஒரு சிறு பங்குக்கு, கனடாவின் கோரெல் தாபனத்துக்குப் போயிற்று. அதிலிருந்து குரூப்வைஸ் என்னும் அஞ்சல் மென்பொருளை மாத்திரம் நொவெல் கையில் வைத்துக்கொண்டது.

இவற்றுக்கிடையே கவனிக்கப்படாது போன சிறு விடயமொன்று உண்டு. அந்நாளிலே நொவெலின் உள்ளே, அப்போது புதிதாய்ப் பிறந்திருந்த லினக்ஸைக்கொண்டு ஒரு கணினி முகப்பை ஆக்கும் முயற்சி நடந்தது. புதிய தலைமை அதனைக் கைவிட்டது. அதில் ஈடுபட்டிருந்தோர் வெளியேறி, நூர்டாவின் பணத்துணையோடு கல்டேரா என்னும் தாபனத்தைத் தொடங்கினர். அப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

1997இலே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தாபனத்திலிருந்து எரிக் ஷ்மிட் தலைவராக வந்தார். அதற்குள் இணையம் உலகெங்கும் பரவிவிட்டது. இணையம் பேசும் மொழி ஒன்று. நெட்வெயர் பேசிய மொழி வேறொன்று. 1998இல் வெளிவந்த நெட்வெயர் 5 இணையத்தின் மொழியையே தன் மொழியாகக் கொண்டது. செய்யவேண்டியதைச் செய்தனர்; காலந்தான் கடந்துவிட்டது. 2000ஆம் ஆண்டிலே மைக்ரோசொப்ட் தன் அடைவுச் சேவையை வெளியிட்டது. நொவெல் ஏழு ஆண்டு முந்தியிருந்தது; அந்த ஏழு ஆண்டுக்கும் சந்தை பரிசு எதுவுந் தரவில்லை. 2001இல் ஷ்மிட் விலகிக் கூகிள் தாபனத்துக்குத் தலைவரானார்.

இனி நாம் எடுத்துக்கொண்ட வினாவின் நடுப்பகுதிக்கு வருகிறோம். 2003இலே நொவெல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் துணிந்து முற்பட்டது. அவ்வாண்டு ஸிமியன் என்னும் லினக்ஸ் மென்பொருள் தாபனத்தை வாங்கியது. நவம்பரிலே ஜேர்மனியின் சுசே தாபனத்தை 21 கோடி டொலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. ஐபிஎம் தாபனம் 5 கோடி டொலர் முதலிட்டு இதனை ஆதரித்தது. 2005இல் வெளிவந்த புதிய சேவையகத் தொகுப்பிலே, நொவெலின் கோப்பு, அச்சு, அடைவுச் சேவைகளை நெட்வெயரின் மேலும் ஓட்டலாம், லினக்ஸின் மேலும் ஓட்டலாம் என்று ஆயிற்று. 2007இன் அடுத்த பதிப்பிலே, லினக்ஸ் கணினியின் உள்ளேயே நெட்வெயரை ஒரு மெய்நிகர்க் கணினியாக வைத்து ஓட்டவும் வழி செய்தனர். புதிய வீட்டின் உள்ளே பழைய வீட்டை அப்படியே எடுத்துவைத்த வேலை அது. பொறியியலைமட்டும் நோக்கினால் இதனிலும் செம்மையாகப் பழையதைப் புதுக்கிய தாபனம் அரிது.

அப்படியிருந்தும் ஏன் நிலைக்கவில்லை? ஐபிஎம் தாபனத்தோடு ஒப்பிட்டால் விடை ஒருவாறு புலப்படும். 1990களின் தொடக்கத்திலே ஐபிஎம்மும் பெருநட்டத்தில் வீழ்ந்து, பின்னர் எழுந்தது. அத்தாபனத்தின் பெருங்கணினிகளிலே வங்கிகளும் அரசாங்கங்களும் பல பத்தாண்டுகளாகத் தம் சொந்த நிரல்களை எழுதி வைத்திருந்தன. அவற்றை விட்டு நீங்குவது எளிதன்று; ஆதலால் புதிய வழிகளைத் தேடிய காலம் முழுவதும் பழைய வருமானம் ஐபிஎம்மைத் தாங்கிற்று. நெட்வெயரிலே வாடிக்கையாளர் வைத்திருந்தவையோ கோப்புகள். கோப்புகளைப் பிரதிசெய்து வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். தொடக்கத்தில் வேகத்துக்காக விடப்பட்ட அந்தச் சுவர்கள், இருபதாண்டு கழித்து வாடிக்கையாளரை நிறுத்திவைக்க ஒன்றுமில்லாமற் செய்துவிட்டன.

மற்றுமொரு சங்கடம் இருந்தது. லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நொவெல் சொன்னபோது, மாறித்தான் ஆகவேண்டுமென்றால் எங்கு மாறுவது என்பதை நாமே தீர்மானிக்கலாமே என்று அலுவலகங்கள் எண்ணின. சிலர் நொவெலின் லினக்ஸுக்கு வந்தனர். வேறு பலர் மைக்ரோசொப்டுக்குச் சென்றனர். சான்றிதழ் பெற்ற வல்லுநர்களின் நிலை இன்னும் பரிதாபமானது. பதினைந்து ஆண்டுகளாக நெட்வெயரையே கற்றுப் பிழைத்த ஒருவர், நாற்பது வயதிலே லினக்ஸை முதலெழுத்திலிருந்து கற்கவேண்டும். அவ்வாறு கற்கும் உழைப்பிலேயே மைக்ரோசொப்டின் சான்றிதழையும் பெறலாம். அதற்கு வேலைவாய்ப்பும் மிகுதி. நெட்வெயரை ஒவ்வோர் அலுவலகத்துக்கும் கொண்டுசென்றவர்கள் இவர்களே. இவர்கள் வழிமாறியபோது, நொவெலுக்காக வாதாட அலுவலகங்களின் உள்ளே ஆளில்லாமற் போயிற்று. நொவெலின் வீழ்ச்சியைப்பற்றி எழுதுவோர் தலைவர்களின் பெயர்களை அடுக்கிவிட்டு இவர்களை மறந்துவிடுகின்றனர்.

2006 நவம்பரிலே நொவெல் தன் பழைய பகையாளியான மைக்ரோசொப்டோடு உடன்படிக்கை செய்தது. சுசே லினக்ஸின் ஆதரவுச் சேவைக்கான 24 கோடி டொலர் பெறுமதியுள்ள சான்றுச்சீட்டுகளை மைக்ரோசொப்ட் வாங்கித் தன் வாடிக்கையாளருக்கு வழங்கும். காப்புரிமை தொடர்பாக ஒருவர் மற்றவருடைய வாடிக்கையாளர்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்பது ஏற்பாடு. பணம் வேண்டியிருந்த தாபனத்துக்குப் பணம் வந்தது. ஆனால் லினக்ஸை இலவசமாக ஆக்கி உலகுக்கு அளித்துவந்த எழுத்தாளர் கூட்டம் கொதித்தெழுந்தது. சம்பா என்னும் புகழ்பெற்ற மென்பொருளை ஆக்கியோருள் ஒருவரும் நொவெலின் ஊழியருமாகிய ஜெரமி அலிசன் அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே பதவியைத் துறந்தார். 2007இல் வெளியான பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பிலே, இத்தகைய உடன்படிக்கைகளைத் தடுக்கும் விதியும் சேர்க்கப்பட்டது.

அந்தக் கூட்டத்தார் நொவெலுக்கு நன்றி பாராட்டவேண்டிய விடயமும் ஒன்று உண்டு. முன்னர்க் குறித்த கல்டேரா, 2001இல் சாந்தா குரூஸ் தாபனத்தின் யுனிக்ஸ் வியாபாரத்தை வாங்கி, பின்னர் எஸ்சிஓ குரூப் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2003இலே யுனிக்ஸின் பதிப்புரிமை தனதென்று சொல்லி ஐபிஎம்மீது வழக்குத் தொடுத்து, லினக்ஸைப் பயன்படுத்துவோரையும் அச்சுறுத்தியது. அப்பொழுது நொவெல் முன்வந்து, 1995இல் வியாபாரத்தை விற்றோமேயன்றிப் பதிப்புரிமையை விற்கவில்லை என்றது. நூர்டாவின் பணத்தால் வளர்ந்த தாபனமும் நூர்டா வளர்த்த தாபனமும் வழக்காடு மன்றத்தில் எதிரெதிரே நின்றன. 2006 ஒக்டோபரிலே நூர்டா காலமானார். வழக்கின் முடிவை அவர் காணவில்லை.

2010 மார்ச் மாதம் இவ்வரலாற்றிலே மூன்று நிகழ்ச்சிகளை ஒருங்கே கொண்டுவந்து சேர்த்தது. மாதத் தொடக்கத்திலே எலியட் என்னும் முதலீட்டு நிறுவனம் நொவெலை ஏறக்குறைய 200 கோடி டொலருக்கு வாங்க முன்வந்தது. நொவெலின் கையிருப்புப் பணமே அதில் ஏறத்தாழப் பாதி. வியாபாரம் முழுவதற்கும் சந்தை இட்ட மதிப்பு எஞ்சிய பாதிதான் என்றாயிற்று. அதே வாரத்தில் நெட்வெயருக்கான பொது ஆதரவுக் காலம் முடிவுற்றது. மாத இறுதியிலே, யுனிக்ஸின் பதிப்புரிமை நொவெலுக்கே உரியதென யூட்டாவின் நடுவர் குழு தீர்ப்பளித்தது.

எலியட்டின் விலையைத் தாபனம் மறுத்தது. ஆயினும் நவம்பரிலே அட்டச்மேட் தாபனத்துக்கு 220 கோடி டொலருக்கு விலைபோக இசைந்தது. 2011 ஏப்ரிலில் விற்பனை நிறைவேறிற்று. 882 காப்புரிமைகள் 45 கோடி டொலருக்குத் தனியே விற்கப்பட்டன. அவற்றை வாங்கிய கூட்டமைப்பிலே மைக்ரோசொப்டும் ஓர் உறுப்பினர். புதிய உரிமையாளர் செய்த முதல் மாற்றங்களில் ஒன்று, சுசேயை நொவெலினின்றும் பிரித்துத் தனிப் பிரிவாக்கித் தன் ஜேர்மன் நகரான நியூரம்பேர்க்கிலிருந்து நடத்தவிட்டதாகும். பழைய வாடிக்கையாளரைப் பேணும் பொறுப்பும், புதியவரைத் தேடும் பொறுப்பும் ஒரே தோளிற் கிடந்த காலம் அத்தோடு முடிந்தது.

அதன் பின்னர் இரண்டும் வெவ்வேறு வழிகளிற் சென்றன. 2014இல் அட்டச்மேட் குழுமம் இங்கிலாந்தின் மைக்ரோ போக்கஸ் தாபனத்தின் கைக்கு வந்தது. அத்தாபனம் 2018இலே சுசேயை மாத்திரம் ஈக்யூடி என்னும் சுவீடன் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க உடன்பட்டது. விலை 253.5 கோடி டொலர். நொவெல் கொடுத்த விலையின் பன்னிரண்டு மடங்கு. நொவெல் முழுவதும் விலைபோன தொகையிலும் அதிகம். எஞ்சியிருந்த அடைவுச் சேவை, குரூப்வைஸ், கோப்புச் சேவையகத் தொகுப்பு என்பன 2023 சனவரியிலே மைக்ரோ போக்கஸோடு சேர்ந்து கனடாவின் ஓப்பன் டெக்ஸ்ட் தாபனத்தை அடைந்தன. நொவெல் என்னும் பெயர் அவற்றின்மேல் இல்லை.